ஐ.வி.எஃப். ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ள

எங்களுக்கு ஊர் காங்கயம், ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி, கருப்பையில் வைக்கும்) வைத்தியம் கோவையில். கருமுட்டை வளர்வதற்கான ஊசியை மாதவிடாயின் இரண்டாம் நாள் தொடங்கி 10, 12 நாள் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். அதற்காகத் தினமும் பஸ் ஏற முடியுமா? நர்ஸிடம் கேட்டு நானே போடக் கற்றுக்கொண்டேன்.

முதலில் மருந்தைப் பத்திரப்படுத்துங்கள். பேனா மாதிரி வரும் மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். கதவுத் தட்டு வேண்டாம், திறந்து மூடுவதில் சூடேறும். நடுத்தட்டில் ஒரு டிபன் டப்பாவில் வையுங்கள். என் மாமியார் நல்ல மனதோடு, "வெயிலுக்குக் கெட்டுப்போயிரும் கண்ணு" என்று ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டார். உறைந்த மருந்தைப் போடக் கூடாது. அத்தனையும் குப்பைக்குப் போனது.

தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். ஸ்பிரிட் காயும்வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும். ஊசி வலி என்று நான் பயந்ததில் பாதி அந்த எரிச்சல்தான். தோலைக் கிள்ளிப் பிடித்து நேராக இறக்கி, பட்டனை முழுக்க அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் ஊசி முனையில் மருந்து சொட்டும், அது உள்ளே போக வேண்டிய மருந்து. போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

நடுநடுவே ஸ்கேன் பார்ப்பார்கள். ஃபாலிகிள்கள் (முட்டை வளரும் நீர்ப்பைகள்) 17, 18 மி.மீ. வந்ததும், முட்டையைக் கடைசியாக முதிரவைக்கும் டிரிகர் ஊசிக்கு மணி குறித்துத் தருவார்கள். மற்ற ஊசியில் கொஞ்சம் முன்பின் ஆனால்கூடச் சமாளிக்கலாம், இதில் கூடாது. போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில் முட்டையை எடுப்பார்கள். முந்தினால் முட்டை முதிர்ந்திருக்காது, பிந்தினால் தானே வெடித்து வெளியேறிவிடும். என் சீட்டில் வெறுமனே 10.30 என்று எழுதியிருந்தது. காலையா, ராத்திரியா? வெட்கப்படாமல் போன் போட்டுக் கேட்டேன். ராத்திரியாம். மறந்து தாமதமாகப் போட்டிருந்தால் மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள், முட்டை எடுக்கும் நேரத்தை அதற்கேற்ப மாற்றப் பார்ப்பார்கள்.

இதற்குப் பின் வயிறு உப்பி, எடை மளமளவென ஏறி, மூச்சு வாங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், கரு வைத்த மூன்றாம் நாளே மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், இரண்டு கோடு. அம்மாவுக்கு போன் போட்டு அழுதுகொண்டே சொல்லியும் விட்டேன். எனக்குப் போட்ட டிரிகர் ஊசியில் இருந்தது கார்டு தேடும் அதே ஹார்மோன். உடம்பில் மிச்சம் இருந்தால் கோடு காட்டத்தான் செய்யும். அவர்கள் சொன்ன நாளில் ரத்தம் கொடுத்தபோது அந்த ஹார்மோன் அளவு 5-க்கும் கீழே, அதாவது கர்ப்பம் இல்லை. அடுத்த முறை மெடிக்கலுக்கு மருந்து வாங்க என் கணவர்தான் போனார், நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.