அஃபிலியேட் லிங்க்குக்குத் தனி டொமைன்: பெயர் வைப்பதிலிருந்து புதுப்பிப்பது வரை

மிக்ஸி, கிரைண்டர், குக்கர் என்று சமையலறைச் சாமான்களுக்கு ரிவ்யூ போடுவது என் வேலை. என் வீடியோக்களை நிறையப் பேர் டிவியில்தான் பார்க்கிறார்கள். டிவியில் டிஸ்கிரிப்ஷன் லிங்க்கைத் தொட்டுத் திறக்க முடியாது. கையில் இருக்கும் போனில் பார்த்துப் பார்த்து டைப் செய்ய, எனக்குக் கமிஷன் தரும் அமேசான் லிங்க் (இதுதான் அஃபிலியேட் லிங்க்) ஒத்துவராது, அது அனுமார் வால் மாதிரி நீளம். அதனால்தான் கமென்டில் "அக்கா, அந்த ரெண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டர் லிங்க் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வாயால் சொன்னாலே டைப் செய்துவிடக்கூடிய சின்ன இணைய முகவரி ஒன்று, அதாவது ஒரு டொமைன், நமக்கென்று இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

இலவச லிங்க் சுருக்கிகள் இருக்கும்போது எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். அவை அடுத்தவர் வீட்டுத் திண்ணை. எழுந்திரு என்றால் எழுந்துவிட வேண்டும். கூகுளே நடத்திய சுருக்கிக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2018இல் மூடுவதாக அறிவித்தார்கள், 2019 மார்ச் 30க்குப் பிறகு புது லிங்க் உருவாக்க முடியவில்லை. 2025 ஆகஸ்ட் 25 முதல் பழைய லிங்க்குகளும் வேலை செய்யாது என்று 2024இல் சொன்னார்கள். கெடு நெருங்கிய நேரத்தில், புழக்கத்தில் இருப்பவற்றை மட்டும் விட்டுவைப்பதாக மாற்றினார்கள். இன்னொரு கதையும் உண்டு. எல்ஒய் என்று முடியும் டொமைன்கள் லிபியா நாட்டுக்கு உரியவை. 2010இல் விபி டாட் எல்ஒய் என்ற சுருக்கியை அந்நாட்டுப் பதிவகம் பறித்தபோது, அதை நம்பிக் கொடுத்த லிங்க்குகள் எல்லாம் செத்துப்போயின. இது போக, பொதுச் சுருக்கிகளை மோசடிக்காரர்களும் பயன்படுத்துவதால், பல இடங்களில் அந்த லிங்க்கைப் பார்த்தாலே ஸ்பேம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஏற்கெனவே நல்ல, சின்னப் பெயரில் வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குத் தனி டொமைன் கட்டாயம் இல்லை. அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் புள்ளியும் சேர்த்த சப்டொமைன் ஒன்று போதும். சைட் பெயர் நீளமாக இருந்தாலோ, சைட்டே இல்லாமல் யூடியூப், இன்ஸ்டாகிராம் மட்டும் நடத்தினாலோ தனியாக வாங்குங்கள்.

பெயர் வைப்பதில்தான் தமிழர்களாகிய நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். 'வழி' என்று பெயர் வைத்தால் ஒருவர் இசட்ஹெச் போடுவார், ஒருவர் எல் போடுவார். 'த' வந்தால் டி மட்டுமா, கூட ஹெச்சும் உண்டா? நெடில் வந்தால் ஒரு ஏயா, இரண்டா? ழ, த, நெடில் மூன்றையும் தவிர்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும். வீட்டில் யாரிடமாவது பெயரை ஒருமுறை மட்டும் சொல்லி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். முதல் தடவையே சரியாக எழுதினால் வாங்கலாம். எண்ணும் இடைக்கோடும் வேண்டாம். புள்ளி இந்தியா என்று முழுக்கத் தமிழிலேயே டொமைன் கிடைக்கிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் சில செயலிகள் அதைப் புரியாத ஆங்கில எழுத்துக்கோவையாக மாற்றிக் காட்டும். பார்ப்பவர் பயந்து தொடமாட்டார். இந்த வேலைக்கு டாட் இன் அல்லது டாட் காம் போதும். முதல் வருடத் தள்ளுபடியில் மயங்காமல் புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற பெயர்களையோ அதைத் திரித்த எழுத்துகளையோ டொமைனில் சேர்க்காதீர்கள். அமேசானின் கமிஷன் திட்டமான அசோசியேட்ஸின் ஒப்பந்தமே அதைத் தடை செய்கிறது.

வாங்கியாயிற்றா, இனி அரை மணி நேர வேலை. ஹோஸ்டிங் தேவையில்லை, வருகிறவர்களுக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்கும் சேவையான கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டமே போதும். அங்கே டொமைனைச் சேர்த்தால் இரண்டு நேம்சர்வர் (டொமைனைத் தேடி வருபவருக்கு வழி சொல்லும் சர்வர்) பெயர்கள் தருவார்கள். டொமைன் வாங்கிய இடத்தில் பழையதை எடுத்துவிட்டு இவற்றைப் போடுங்கள். பிறகு கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் பகுதியில், டொமைனை ஒரு ஐபி முகவரியோடு இணைக்கும் ஏ ரெக்கார்டு ஒன்று: பெயர் இடத்தில் அட் குறி (@), முகவரி 192.0.2.1. இது உதாரணத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட ஐபி, அங்கே எந்த சர்வரும் கிடையாது. அந்த ரெக்கார்டில் ஆரஞ்சு நிற மேகச் சின்னம் எரிந்தால் போதும், வருகிறவர்களை கிளவுட்ஃபிளேர் வாசலிலேயே பிடித்துத் திருப்பிவிடும்.

அடுத்து, ஒரு முகவரிக்கு வருபவரை இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் பல்க் ரீடைரக்ட்ஸ். அதில் ஒரு பட்டியல் உருவாக்கி, இந்தப் பக்கம் உங்கள் சின்ன முகவரி (டொமைனுக்குப் பின் சாய்கோடு போட்டுப் பொருளின் பெயர்), அந்தப் பக்கம் அஃபிலியேட் லிங்க் என்று வரிசையாகச் சேர்க்கலாம். பட்டியல் மட்டும் இருந்தால் வேலை செய்யாது, அதை இயக்கும் ரூல் ஒன்றும் போட வேண்டும். எந்த வகையில் திருப்புவது என்று சொல்லும் ஸ்டேட்டஸ் கோடு தானாகவே 301 என்றுதான் வரும், அதை 302 ஆக்குங்கள். 301 என்றால் நிரந்தர மாற்றம். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் நாளைக்கு வேறு பொருளுக்கு மாற்றினாலும் பழைய இடத்துக்கே ஆளைக் கூட்டிப் போகும். 302 தற்காலிகமானது என்பதால் ஒவ்வொரு முறையும் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் போகும். தனி டொமைனின் பலனே இதில்தான் இருக்கிறது. கிரைண்டர் ஸ்டாக் இல்லையா, பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும்; பழைய வீடியோக்களின் டிஸ்கிரிப்ஷனைத் தொடவே வேண்டாம்.

உங்கள் முகவரியின் கடைசியில் யார் எந்த லிங்க்கை ஒட்டினாலும் வருபவரை அங்கே திருப்பிவிடும் ஸ்கிரிப்ட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் போடாதீர்கள். உங்கள் பெயரை வைத்து யாரோ போலி வங்கிப் பக்கத்துக்கு ஆள் அனுப்புவார்கள், டொமைனும் தடைப்பட்டியலில் ஏறிவிடும். நீங்கள் கையால் எழுதிய வரிகள் மட்டுமே வேலை செய்ய வேண்டும்.

சோதிக்கும்போது பிரைவேட் விண்டோவில் திறந்து, போய்ச் சேரும் முகவரியில் கமிஷன் யாருக்கு என்று காட்டும், 21 என்று முடியும் உங்கள் டிராக்கிங் ஐடி இருக்கிறதா பாருங்கள். அமேசான் ஆப் உள்ள போன், இல்லாத போன் இரண்டிலும் பாருங்கள். வெறும் டொமைனை மட்டும் டைப் செய்து வருபவருக்குப் பிழைச் செய்தி காட்டாமல், உங்கள் சேனல் பக்கத்துக்கு அனுப்புங்கள்.

இனி நாணயம் சம்பந்தப்பட்ட பகுதி. லிங்க் அமேசானுக்குப் போகிறது என்பதை மறைக்கும் விதமாகச் சுருக்கியைப் பயன்படுத்தக் கூடாது, ஆள் எங்கிருந்து வந்தார் என்பதையும் ஒளிக்கக் கூடாது என்று அமேசானின் விதி சொல்கிறது. ஆகவே சின்ன முகவரிக்குப் பக்கத்திலேயே 'அமேசானில் வாங்க' என்று எழுதுங்கள். உங்கள் சேனலையும் இந்த டொமைனையும் அசோசியேட்ஸ் கணக்கில் உள்ள தளப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கமிஷன் கிடைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இது உண்டு. விதி இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டியதுதான். மாதச் சம்பளத்தில் எடுத்து வைத்துக் கிரைண்டர் வாங்குகிறவர், நமக்கு அதில் பங்கு உண்டு என்று தெரிந்துகொண்டு வாங்கட்டும். நான் தமிழிலேயே, லிங்க்குக்கு மேலேயே எழுதுகிறேன்: "இதன் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்கு விலை கூடாது."

கிளிக் எண்ணிக்கையைப் பார்த்து ரொம்ப மகிழ வேண்டாம். லிங்க் முன்னோட்டம் காட்ட வரும் செயலிகளும் பாட்களும் (தானாக இயங்கும் நிரல்கள்) அந்தக் கணக்கில் சேரும். ஆர்டர் எண்ணிக்கைதான் நிஜம். எந்த முகவரி எங்கே போகிறது, கடைசியாக எப்போது சோதித்தோம் என்று ஒரு ஷீட்டில் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

புதுப்பிப்பதை ஆட்டோ ரினியூவில் போட்டுவிட்டு, கார்டு காலாவதியாகும் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். டொமைன் கைவிட்டுப் போனால், வருகிற கூட்டத்துக்காகவே சூதாட்டத் தளக்காரர்கள் அதை வாங்கிவிடுவார்கள். குக்கர் வாங்க வந்த அம்மா அங்கே போய் நிற்பார். அதனால் சேனலை நிறுத்தினாலும், பழைய வீடியோக்கள் இருக்கும்வரை டொமைனுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருங்கள்.