அட்டைக்குப் பயந்து மலையேறாமல் இருக்காதீங்க

மழை விட்ட மறுநாள் இலங்கையின் நக்கிள்ஸ் மலைப் பக்கம் நடக்கப் போறீங்களா? அட்டை காலில் ஏறாமலிருக்க, காலுறைக்குள்ளே காற்சட்டை நுனியைச் செருகி, கணுக்காலைச் சுற்றிச் சவர்க்காரத்தை ஈரத்தோடு கெட்டியாகப் பூசுங்க. தேயிலைக் கொழுந்தெடுக்கும் அக்காமார் செய்வதும் இதுதான். மழையில் கரைந்துவிடும், ஆகவே சவர்க்காரத் துண்டொன்றைப் பையிலும் வையுங்க.

அட்டை கடித்தால் பிடித்து இழுக்க வேண்டாம். வாய்ப்பக்கம், அதாவது மெல்லிய நுனியில், நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உப்பு, நெருப்பு எல்லாம் வேண்டாம். அவை பட்டால் அட்டை உள்ளே போனதைக் காயத்திலேயே கக்கிவிடும். இரத்தம் உறையாதிருக்க அது ஹிருடின் போன்ற பொருளை விடுவதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்க. இளைப்பாற ஈரப்புல்லில் உட்காராதீங்க, வெயில் பட்ட பாறைதான் நல்லது. (என் பின்பக்கம் சாட்சி.)