டாக்கில் இரண்டு ஓட்டை இருந்தால் இரண்டு திரை வந்துவிடுமா?

போன வாரம் சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்தார். பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறவர். ஒரு மானிட்டரில் முந்தானை, இன்னொன்றில் பார்டர் என்று விரித்து வைத்து வேலை பார்க்க ஆசை. கையில் லேப்டாப், பையில் புத்தம்புது டாக். லேப்டாப்பின் ஒரு டைப்-சி போர்ட்டைப் பல போர்ட்களாக விரித்துத் தரும் பெட்டிதான் டாக்.

"அண்ணா, மவுஸ் வேலை செய்யுது, கீபோர்டு வேலை செய்யுது, பென் டிரைவ் கூட ஓப்பன் ஆகுது. மானிட்டர் ரெண்டு மட்டும் நோ சிக்னல்னு நிக்குது. பீஸ் கோளாறுங்களா?"

பீஸில் கோளாறு இல்லை. அவர் பாதி சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. 2021-ல் ஃபேர்லேண்ட்ஸ் வாடகை வீட்டு மேஜையில் நானும் இதே முகத்தோடு உட்கார்ந்திருந்தவன்தான். அதற்குப் பிறகு சேலத்தில் ஆடிட்டர் ஆபீஸ், கொலுசு டிசைன் போடும் பட்டறை, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று நிறைய மேஜைகளில் இந்த இரட்டைத் திரையை மாட்டிக் கொடுத்திருக்கிறேன். வருகிறவர்கள் மாறுகிறார்கள், தவறு மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது.

கேபிளை அழுத்திச் செருகுங்கள், மானிட்டரில் சோர்ஸை மாற்றிப் பாருங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை நீங்களே இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். காசைக் கரைக்கிற விஷயத்துக்கு வருவோம்.

ஓட்டையை எண்ணி டாக் வாங்குவது

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது என்னிடம் இருந்தது ஆப்பிளின் எம்1 சிப் போட்ட மேக்புக் ஏர். கடையில் டாக்கைத் திருப்பிக் காட்டி, "ரெண்டு எச்.டி.எம்.ஐ இருக்கு பாருங்க சார், ரெண்டு மானிட்டர் தாராளமா போடலாம்" என்றார்கள். ஏழாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் இரண்டு மானிட்டரும் எரிந்தன. சந்தோஷம் ஒரு நிமிடம்தான். இடது பக்கம் எந்த எக்செல் ஷீட் திறந்திருந்ததோ அதே ஷீட், அதே செல், வலது பக்கமும். மவுஸை நகர்த்தினால் இரண்டிலும் ஒன்றாக நகர்ந்தது. மூன்று நாள் சாயங்காலம் இதிலேயே போனது. கேபிளை மாற்றினேன், மானிட்டரை இடம் மாற்றினேன், சாஃப்ட்வேர் அப்டேட் போட்டேன்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "தண்டர்போல்ட் டாக் வாங்கினா சரியாயிடும்" என்று ஒருவர் சொன்னதை நம்பி இன்னொரு பத்தொன்பதாயிரத்தை இறக்கினேன். தண்டர்போல்ட் என்பது டைப்-சி வடிவத்திலேயே வரும் இன்னும் வேகமான இணைப்பு. இப்போது ஒரு மானிட்டர் எரிந்தது, மற்றொன்று இருட்டு. அதற்குப் பிறகுதான் அந்த லேப்டாப்பின் விவரப் பக்கத்தைத் திறந்து படித்தேன். வெளித்திரை ஒன்றுதான் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. படிக்காதது என் குற்றம். ஓட்டையைக் காட்டி விற்றது யார் குற்றம் என்று நினைத்தால் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான்: டாக் சமைக்காது, பரிமாறும். படத்தைத் தயாரிப்பது லேப்டாப்பில் இருக்கும் கிராஃபிக்ஸ். அது எத்தனை தனித்தனிப் படம் தயாரிக்கும் என்பது லேப்டாப் வாங்கிய அன்றே முடிவான கணக்கு. டாக்கில் பத்து ஓட்டை இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

சாதாரண டைப்-சி டாக் இரண்டு மானிட்டரை ஓட்டுவது எம்.எஸ்.டி என்கிற முறையில். டிஸ்பிளேபோர்ட் என்பது எச்.டி.எம்.ஐ மாதிரி திரைக்குப் படம் அனுப்பும் இன்னொரு முறை. ஒரே டிஸ்பிளேபோர்ட் இணைப்புக்குள் இரண்டு படத்தை அனுப்பி, டாக்கில் பிரித்துக் கொடுப்பார்கள். 2010-ல் வந்த டிஸ்பிளேபோர்ட் 1.2-லிருந்து இது இருக்கிறது. விண்டோஸுக்கு இது தெரியும், லினக்ஸுக்கும் தெரியும். மேக் இயங்குதளம் இந்த முறையில் திரையை விரிக்காது, ஒரே படத்தை இரண்டிலும் காட்டும். என் எக்செல் இரட்டைப் பிறவி எடுத்த ரகசியம் அதுதான். தண்டர்போல்ட் டாக் வேறு வழியில் படம் அனுப்பும் என்றாலும், உள்ளே இருக்கும் சிப் வெளியே ஒரு படத்துக்கு மேல் தராது என்றால் அதுவும் என்ன செய்யும்?

மேக் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். எம்1, எம்2 ஏர் என்றால் வெளித்திரை ஒன்று. எம்3 ஏர் என்றால் இரண்டு வரும், ஆனால் மூடியைச் சாத்தி வைக்க வேண்டும். 2025-ல் வந்த எம்4 ஏரில் மூடி திறந்திருந்தாலும் இரண்டு வரும். பழைய 13 அங்குல எம்1 மேக்புக் ப்ரோவை வைத்துக்கொண்டு "என்னுது ப்ரோதானே" என்று வருகிறவர்கள் உண்டு. லேப்டாப் பெயரில் ப்ரோ இருந்து பிரயோஜனமில்லை, சிப் பெயரில் இருக்க வேண்டும். எம்1 ப்ரோ சிப் என்றால் இரண்டு திரை வரும்.

அம்மாபேட்டைத் தம்பியின் பிரச்சினை வேறு ரகம். அவருடையது விண்டோஸ் லேப்டாப். டைப்-சி ஓட்டை இருக்கிறது, ஆனால் அதன் வழியாகப் படம் வெளியே வராது. டைப்-சி என்பது வெறும் வடிவம். அதற்குள் டேட்டா மட்டும் போகலாம், சார்ஜும் சேர்ந்து போகலாம், படமும் போகலாம். மூன்றாவது வேண்டுமென்றால் அந்த போர்ட்டில் டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட், அதாவது டைப்-சி வழியாகப் படம் அனுப்பும் வசதி, இருந்தாக வேண்டும். மவுஸும் பென் டிரைவும் டேட்டா வழியில் போகிறவை, அதனால் அவை ஓடின. மனிதரை ஏமாற்றுவதே இந்தப் பாதி வேலைதான். எதுவுமே ஓடவில்லை என்றால் உடனே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோயிருப்பார்.

போர்ட் பக்கத்தில் டி, பி எழுத்துகளைப் பின்னிய சின்னம் அல்லது தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னம் இருந்தால் படம் வரும். சின்னம் எதுவும் இல்லையென்றால் வராது என்று அர்த்தமில்லை, பல கம்பெனிகள் அச்சடிப்பதே இல்லை. மாடல் எண்ணைப் போட்டு கம்பெனியின் விவரப் பக்கத்தில் அந்த போர்ட்டுக்கு நேரே டிஸ்பிளேபோர்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு சுருக்கு வழியும் உண்டு: யாரிடமாவது சாதாரண டைப்-சி டு எச்.டி.எம்.ஐ அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதில் படம் வரவில்லையென்றால் சாதாரண டாக்கிலும் வராது. வந்தால் ஒன்று வரும் என்பது மட்டும் உறுதி. இரண்டு வருமா என்பதற்கு விவரப் பக்கம்தான்.

தம்பியின் லேப்டாப்பில் தனியாக எச்.டி.எம்.ஐ போர்ட் இருந்தது. ஒரு மானிட்டரை நேராக அதில் மாட்டினேன். இரண்டாவதுக்கு டிஸ்பிளேலிங்க் அடாப்டர் போட்டோம், அது என்ன என்று அடுத்துச் சொல்கிறேன். டாக்கைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது, பெட்டியை அவர் கிழிக்காமல் வைத்திருந்ததால்.

உங்கள் லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ-யும், படம் தரும் டைப்-சியும் இரண்டுமே இருந்தால் டாக்கே வேண்டாம். அதில் ஒன்று, இதில் ஒன்று, முடிந்தது வேலை. இதை எந்தக் கடையும் சொல்லாது.

டிஸ்பிளேலிங்க்கை முழுசாக நம்புவது

மேலே சொன்ன முட்டுக்கட்டைகளைத் தாண்ட இருக்கும் வழி டிஸ்பிளேலிங்க். படத்தை லேப்டாப்பிலேயே மென்பொருளால் சுருக்கி, சாதாரண டேட்டா மாதிரி யு.எஸ்.பி வழியாக அனுப்பி, அடாப்டரில் விரிப்பார்கள். எம்1 ஏரில் கூட இரண்டு திரை வந்துவிடும். விலை உண்டு: டிரைவர் போட வேண்டும், ப்ராசஸருக்குக் கொஞ்சம் சுமை, காப்புரிமைப் பூட்டு போட்ட ஓடிடி படங்கள் சில நேரம் கறுப்பாகத் தெரியலாம். மேக்கில் "ஸ்கிரீன் ரெக்கார்டிங்" அனுமதி கேட்கும். பயந்துபோய் மறுத்துவிட்டு, படம் வரவில்லை என்று எனக்கு போன் போடாதீர்கள். எக்செல், டேலி, மெயிலுக்குத் தாராளம். நிறம் முக்கியமான வேலையை நேர் எச்.டி.எம்.ஐ திரையில் வையுங்கள். தம்பியும் சேலையை அந்தத் திரையில் போட்டுவிட்டு, நூல் கலர் பட்டியலையும் வாட்ஸ்அப்பையும் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

போன் சார்ஜர் கேபிளை டாக்குக்குப் போடுவது

டாக்கோடு வரும் கேபிள் குட்டையாக இருக்கும். மேஜைக்கு எட்டவில்லை என்று போனோடு வந்த நீளமான டைப்-சி கேபிளை எடுத்து மாட்டுவார்கள். இரண்டு முனையும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் சார்ஜுக்காகச் செய்த கேபிள்கள் பெரும்பாலும் உள்ளே யு.எஸ்.பி 2.0 கம்பி மட்டும் கொண்டவை, வேகம் 480 மெகாபிட். படம் போகும் கம்பிகளே அதில் கிடையாது. லேப்டாப் சார்ஜ் ஏறும், மவுஸ் ஓடும், திரை வராது. சூரமங்கலத்தில் ஒரு ஆபீஸில் இதற்காக டாக்கை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள், கேபிளை மட்டும் யாரும் தொடவில்லை.

30 ஹெர்ட்ஸில் ஓடுவது தெரியாமல் இருப்பது

ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்கிற எண். டைப்-சியில் வேகமான பாதை நான்கு. டாக்கில் வேகமான யு.எஸ்.பி போர்ட்களும் இருந்தால் பெரும்பாலும் இரண்டு பாதை அவற்றுக்குப் போய்விடும், படத்துக்கு மிச்சம் இரண்டு. டிஸ்பிளேபோர்ட் 1.2 வேகத்தில் அந்த இரண்டிலும் சேர்த்து 8.64 ஜிகாபிட்தான் போகும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபுல் எச்.டி திரைக்குச் சுமார் 3.2 ஜிகாபிட் வேண்டும். இரண்டு திரை நிம்மதியாக அடங்கும். 1440 பிக்சல் உயரமுள்ள திரை என்றால் ஒன்றுக்கே சுமார் 5.6. இரண்டு சேர்ந்தால் தாங்காது. 4கே-க்கு 12.5, ஒன்று கூட 60-ல் நுழையாது. நால்வழிச் சாலையில் இரண்டு வழியை அடைத்தால் தொப்பூர் கணவாயில் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லாரி மாதிரி படம் நின்றுவிடாது, சத்தமில்லாமல் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மவுஸ் தத்தித் தத்திப் போகும். "லேப்டாப் ஸ்லோ ஆயிடுச்சு" என்று ரேம் வாங்கிப் போட்டவரை எனக்குத் தெரியும். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போனால் எண் தெரியும். டிஸ்பிளேபோர்ட் 1.4 இருந்தால் இடம் கூடும், லேப்டாப்பும் டாக்கும் இரண்டுமே அதுவாக இருக்க வேண்டும். தண்டர்போல்ட் 4 சான்று பெற்ற விண்டோஸ் லேப்டாப் என்றால் இரண்டு 4கே திரை கட்டாயம் தர வேண்டும் என்பது விதி. கையில் காசு இருந்தால் அந்தப் பக்கம் போங்கள்.

டிஸ்பிளேபோர்ட் டு எச்.டி.எம்.ஐ கேபிளைத் திருப்பிப் போடுவது

ஒருவழிப் பாதை: டிஸ்பிளேபோர்ட் முனையிலிருந்து எச்.டி.எம்.ஐ முனைக்குத்தான் படம் போகும். திருப்பிப் போட்டால் வராது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசிக்காதது

நண்பர் ஒருவர் ஏற்காட்டில் வீடு எடுத்து வேலை பார்க்கிறார். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் கண்ணாமூச்சி ஆடும். லேப்டாப்பில் பேட்டரி, ரவுட்டருக்குக் குட்டி யு.பி.எஸ், எனக்கென்ன கவலை என்று இருந்தார். ஒரு நாள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பதினைந்து ஜன்னலும் சரசரவென்று லேப்டாப்பின் சின்னத் திரையில் வந்து குவிந்தன, மீட்டிங்கும் அறுந்தது. ரவுட்டர் உயிரோடுதான் இருந்தது. லேன் ஒயரை டாக்கில் செருகியிருந்தார், டாக்குக்கு ஏது பேட்டரி?

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் நான் செய்தது, டாக்கின் அடாப்டரையும் யு.பி.எஸ்ஸில் மாற்றியது ஒன்றுதான். அந்த யு.பி.எஸ் குட்டி, அதனால் மானிட்டர்களைச் சேர்க்கவில்லை. உங்களுடையது கம்ப்யூட்டருக்கான யு.பி.எஸ் என்றால் அவற்றையும் சேர்த்துவிடலாம், சாதாரண 24 அங்குல மானிட்டர் 20, 30 வாட்தான் இழுக்கும். லேப்டாப்பிலேயே லேன் போர்ட் இருந்தால் ஒயரை அதில் செருகுங்கள். இல்லையென்றால் வைஃபையை அணைக்காமல் விடுங்கள்.

லேப்டாப் சார்ஜரை ஹப்பில் செருகிவிட்டு வாட் பார்க்காதது

ஹப் என்பது தனிச் சார்ஜர் இல்லாத சின்ன டாக். 65 வாட் கொடுத்தால் அது தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சம் தரும். மதியத்துக்குள் பேட்டரி இறங்குகிறது என்றால் காரணம் இது.

மூடியைச் சாத்துவது

விண்டோஸில் மூடியைச் சாத்தினால் "எதுவும் செய்யாதே" என்று பவர் செட்டிங்கில் முதலில் மாற்றுங்கள், பிறகு சாத்துங்கள்.