ஜேர்மன் ஹொக்ஷூலுக்கு அப்ளை பண்ண முதல் அதிண்ட வரலாறை எப்பிடி வாசிக்கிறது

ஏ/எல் முடிச்சிட்டு ஜேர்மனிக்குப் படிக்கப் போகோணும் எண்டு திருமலையில இப்ப நிறையப் பிள்ளையள் தேடுதுகள், மெத்ஸ் பிரிவும் சரி ரெக் பிரிவும் சரி. ஆனா எல்லாரும் பாக்கிறது ஃபீஸ் எவ்வளவு, ரேங்கிங் என்ன, ஐஇஎல்டிஎஸ் எவ்வளவு வேணும், இவ்வளவுதான். அந்த ஹொக்ஷூல், அதாவது ஜேர்மன் உயர்கல்வி நிறுவனம், எப்பிடித் தொடங்கினது எண்டு ஒருத்தரும் பாக்கிறேல்ல. என்னைக் கேட்டா அதைத்தான் முதல்ல பாக்கோணும், ஏனெண்டா ஒரு ஹொக்ஷூல் எந்தத் தொழிலுக்காகத் தொடங்கினதோ, பெரும்பாலும் அந்தத் துறையிலதான் இண்டைக்கும் அங்க நல்ல லாப்பும் பக்கத்தில கொம்பனியளும் இருக்கும்.

முதல்ல இந்த ஆண்டை மனசில வைங்கோ: 1968. அதுக்கு முதல் ஜேர்மனியில இஞ்சினியர் ஸ்கூல் எண்டு நிறைய இருந்தது, யூனிவர்சிட்டி இல்ல, ஆனா நல்ல இஞ்சினியர்மார் வெளிய வந்தவை. அந்தப் படிப்புக்கு ஐரோப்பாவில மற்ற நாடுகள்ல சரியான அங்கீகாரம் கிடைக்காது எண்ட பயத்தில மாணவர்கள் ஸ்ட்ரைக் பண்ணினாங்கள், கடைசியா 1968 ஒக்டோபர் 31 மேற்கு ஜேர்மன் மாநில முதல்வர்மார் கூடி, ஃபாக்ஹொக்ஷூல் எண்ட புது வகையைத் தொடங்க ஒப்பந்தம் போட்டாங்கள். 1969இல இருந்து 1971க்குள்ள பழைய ஸ்கூல்கள் எல்லாம் ஒண்டொண்டா மாறினது. இங்கிலீஷில யூனிவர்சிட்டி ஒஃப் அப்ளைட் சயன்சஸ் எண்ட பேர் 1998இலதான் வந்தது. அந்தத் தொடக்கத்திண்ட அடையாளம் இண்டைக்கும் இருக்கு: அங்க புரொஃபசரா வரோணுமெண்டா பொதுவா அஞ்சு வருஷ தொழில் அனுபவம் வேணும், அதில மூண்டு வருஷம் யூனிவர்சிட்டிக்கு வெளிய இருக்கோணும். அதோட கிழமைக்கு 18 மணித்தியாலம் அளவில படிப்பிக்கோணும், யூனிவர்சிட்டி புரொஃபசர்மாருக்கு அதிண்ட அரைவாசிதான். கொம்பனியில வேலை செய்த ஒருத்தரிட்ட நேர படிக்கிறதுக்கு ஆசைப்படுற பிள்ளைக்கு இதைவிட என்ன வேணும்.

அடுத்தது பேர். இதில கனபேர் குழம்பிறாங்கள், அதால கொஞ்சம் ஆறுதலா வாசியுங்கோ. டெக்னிஷ ஹொக்ஷூல், சுருக்கமா டிஎச், எண்டது ஒரு காலத்தில பெரிய டெக்னிக்கல் யூனிவர்சிட்டியளிண்ட பேர். 1899இல பிரஷ்யாவில (அப்ப ஜேர்மனியிண்ட பெரிய மாநிலம்) டொக்டர் பட்டம் குடுக்கிற உரிமை கிடைச்சது அந்த டிஎச்களுக்குத்தான். பிறகு அதுகள் பெரும்பாலும் டெக்னிக்கல் யூனிவர்சிட்டி எண்டு பேர் மாத்தீட்டுது, டார்ம்ஸ்டட் 1997 வரைக்கும் டிஎச்தான். அதுக்குப் பிறகு ஃபாக்ஹொக்ஷூல்கள் அதே பேரை எடுக்கத் தொடங்கினது: நூர்ன்பெர்க் 2013, கொலோன் 2015. ஆனா ஆகனில இருக்கிற ஆர்டபிள்யூடிஎச் பேரிலயும் டெக்னிஷ ஹொக்ஷூல் எண்டு இருக்கு, அது முழு யூனிவர்சிட்டி. அதால டிஎச் எண்டு கண்ட உடன முடிவெடுக்காதேங்கோ, 1971 அளவில அந்த இடம் என்னவா இருந்தது எண்டு பாருங்கோ, அப்ப எந்த வகை எண்டு தெரிஞ்சிடும். பிறகு பிஎச்டி செய்யிற யோசனை இருந்தா இது இன்னும் முக்கியம், ஏனெண்டா அப்ளைட் சயன்சஸ் பக்கம் சொந்தமா டொக்டர் பட்டம் குடுக்கிற உரிமை முதன்முதலா கிடைச்சதே 2016இலதான், ஹெசன் மாநிலத்தில ஃபுல்டாவுக்கு.

இப்ப தொடங்கின ஆண்டு. நூர்ன்பெர்க்கை எடுங்கோ. 1823 எண்டு போட்டிருப்பாங்கள். அது பொலிடெக்னிக் ஸ்கூல் தொடங்கின வருஷம், தொடக்கினவர் ஷாரர், ஜேர்மனியிண்ட முதல் ரயிலை 1835இல நூர்ன்பெர்க்குக்கும் ஃபூர்த்துக்கும் இடையில ஓட வைச்ச ஆக்கள்ல ஒருத்தர். நாங்க பௌதிகவியல்ல படிக்கிற ஓமிண்ட விதி இருக்கெல்லோ, அந்த ஓம் 1833இல இருந்து அங்க படிப்பிச்சவர், 1839இல தலைவராயும் வந்தவர். ஆனா ஃபாக்ஹொக்ஷூல் ஆனது 1971. ஆக 1823, 1971, 2013 எண்டு மூண்டு ஆண்டு, மூண்டும் உண்மைதான், ஒவ்வொண்டும் வேற வேற விஷயத்தைச் சொல்லுது. எங்கட மொறட்டுவையும் இப்பிடித்தான்: 1893இல மருதானையில டெக்னிக்கல் கொலிஜ், 1960இல கட்டுபெத்தவில பிரக்டிக்கல் டெக்னோலஜி இன்ஸ்டிடியூட், 1966இல சிலோன் கொலிஜ் ஒஃப் டெக்னோலஜி, 1972இல கட்டுபெத்த கம்பஸ், 1978 சட்டத்தோட தனி யூனிவர்சிட்டி. ஜேர்மன் இடத்திண்ட வரலாறையும் ஒரு கொப்பியில இந்த மாதிரி ஆண்டு, பேர், ஊர் எண்டு கோடு போட்டு எழுதுங்கோ. ஒரு பக்கம் கூட வராது.

கோட்டைப் போட்ட பிறகுதான் சுவாரசியமான வேலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில அந்த நேரம் அந்த ஊரில என்ன தொழில் இருந்தது எண்டு எழுதுங்கோ. பெர்லினுக்குப் பக்கத்தில வில்டாவ் எண்ட சின்ன ஊர், ஷ்வார்ட்ஸ்கோப் எண்ட கொம்பனி ரயில் எஞ்சின் செய்த இடம். கிழக்கும் மேற்கும் சேர்ந்த பிறகு 1991இல அந்த பக்டரி வளவிலயே ஹொக்ஷூல் தொடங்கினாங்கள், எஞ்சின் பக்டரியிண்ட ஒரு பெரிய ஹோல்தான் இப்ப லைப்ரரி. கண்ணாடி, லென்ஸ், லேசர் பக்கம் ஆசையெண்டா ட்சைஸ் கொம்பனியிண்ட கதையைப் பாருங்கோ: யேனாவில இருந்த கொம்பனி, ரெண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஒரு பகுதி மேற்கில ஓபர்கொகனுக்குப் போகுது, அதுக்குப் பக்கத்து ஊர் ஆலனில 1962இல இஞ்சினியர் ஸ்கூல் வருது, யேனாவில 1991இல ஹொக்ஷூல் வருது, ரெண்டு இடத்திலயும் இண்டைக்கு ஒப்டிக்ஸ் படிக்கலாம். துறைமுக ஊர்ப் பிள்ளையளுக்கு எல்ஸ்ஃப்லெட்டைச் சொல்லாமல் விடேலாது. 1832இல கப்பலோட்டப் படிப்பிக்கத் தொடங்கின ஸ்கூல், இண்டைக்கு யாட ஹொக்ஷூலிண்ட ஒரு பகுதி, இப்பவும் கப்பல் படிப்புத்தான். இந்த நாலு இடத்தையும் ஒரே பொது ரேங்கிங்கில மேல கீழ வைச்சுப் பாக்கிறதில எனக்கு ஒரு அர்த்தமும் தெரியேல்ல.

எங்க தேடுறது? ஹொக்ஷூலிண்ட சொந்த இணையத்தளத்தில ஜேர்மன் பக்கத்துக்குப் போங்கோ, இங்கிலீஷ் பக்கத்தில வரலாறு பெரும்பாலும் சுருக்கமாத்தான் இருக்கும், ஃபோனில ட்ரான்ஸ்லேட் போட்டு வாசிச்சாப் போதும். அதோட ஹொக்ஷூல்கொம்பாஸ் எண்ட தளம் இருக்கு, ஜேர்மன் துணைவேந்தர்மார் மாநாடு நடத்திறது, அதில தொடங்கின ஆண்டும் அரசாங்கமா தனியாரா எண்டதும் இருக்கும். இதைக் கட்டாயம் பாருங்கோ. தனியார் எண்டா கூடாது எண்டு இல்ல, ஆனா ஃபீஸ் கூட, கனக்க இடம் அண்மையில தொடங்கினது. ஏஜென்சி தாற பட்டியல்ல ஜேர்மனியில படிப்பு இலவசம் எண்டு மேல போட்டிட்டு கீழ தனியார் பேரை வைச்சிருந்தா, காசு கட்ட முதல் நீங்களே ஒருக்கா தேடிப் பாக்கோணும்.

மோட்டிவேஷன் லெட்டர் கேட்டா அதில 1823 தொடங்கின புகழ்பெற்ற நிறுவனம் எண்டு எழுதாதேங்கோ, அது அவைக்குத் தெரியும். இந்தத் துறை இஞ்ச இந்தத் தொழிலோட வளந்தது, எனக்கு அந்தத் தொழில்ல இந்த வேலை பழகோணும், அதால இந்த லாப், இந்த கோர்ஸ் எண்டு ரெண்டு வசனம் எழுதினாப் போதும். வின்டர் செமஸ்டருக்குக் கனக்க இடத்தில ஜூலை 15 கடைசி நாள், சில இடத்தில அதுக்கும் முதல், அதால இந்தத் தேடலை மார்ச், ஏப்ரல்லயே முடிச்சிட்டு, சேர்டிபிகேட் மொழிபெயர்ப்பு வேலையைத் தொடங்குங்கோ.