குளத்து வாத்துகளின் இரை: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பிறகே உண்ணும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, குளக்கரையில் நிற்கும் வாத்துக்கு ரொட்டித் துண்டை எறிவது இயல்பான அன்பாகவே தோன்றும். ஆனால், வாத்து கொத்தி விழுங்குவதெல்லாம் அதற்கு உரிய இரை என்று எண்ணுவது தவறு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

நம் பெரியவர்கள் பூமலை என்று அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், ஒரு விடியற்காலையில் சீழ்க்கைச் சிறகி என்னும் காட்டு வாத்து ஒன்றை அருகிலிருந்து பார்த்தேன். அலகைப் பாதியளவு நீரில் தாழ்த்தி, விரைவாகத் திறந்து மூடியபடியே அது நகர்ந்தது. அலகின் இரு ஓரங்களிலும் நீர் வழிந்துகொண்டே இருந்தது. வாத்தின் அலகு உள்விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற மெல்லிய தகடுகள் வரிசையாக அமைந்திருப்பதால், நீர் வெளியேறிவிட, விதையும் சிறு உயிர்களும் உள்ளே தங்கிவிடுகின்றன. புல் விதை, நெல்மணி, நீர்த்தாவரங்களின் தளிர் ஆகியவையே இவ்வினத்தின் முதன்மையான இரை. நத்தை, புழு, சிறு மீன், தவளை ஆகியவற்றையும் அது உண்ணும். பல் இல்லாத குறையை, விழுங்கிய மணலும் பொடிக்கற்களும் அரைவைப்பையில் தங்கி, இரையை அரைத்து ஈடுசெய்கின்றன.

பகலில் கரையோரம் அசையாமல் நிற்கும் சிறகிகளைக் கண்டு, "பாவம், பட்டினி கிடக்கின்றன" என்று இரங்குவது அடுத்த தவறு. பகலில் கூட்டமாக ஓய்ந்திருந்து, பெரும்பாலும் இரவில் இரைதேடுவதே அவற்றின் வழக்கம்.

குஞ்சுகளைப் பற்றிய தவறு இன்னும் கவலைக்குரியது. தாய் வாத்து குஞ்சுகளுக்கு வாயில் ஊட்டுவதில்லை. பொரித்துச் சில நாள்களுக்குள் அவை தாமாகவே பூச்சிகளையும் நீர்ப்புழுக்களையும் பொறுக்கத் தொடங்குகின்றன. உடலும் இறகும் விரைந்து வளரும் அவ்வாரங்களில் அவற்றுக்குப் புரதம் மிகவும் தேவை. அந்த நேரத்தில் ரொட்டியால் வயிறு நிறைந்துவிட்டால், உண்ண வேண்டியதை உண்ண இடமிருக்காது. வளர்ந்த வாத்துக்கும் ரொட்டி வயிற்றை நிரப்புமே தவிர, உரிய சத்தைத் தராது. உண்ணப்படாமல் மிதக்கும் துண்டுகள் அழுகி நீரைக் கெடுக்கின்றன. கரையில் சிதறியவை எலிகளை ஈர்க்கின்றன. எஞ்சிய சோற்றைக் கொட்டுவதாலும் இதே தீங்குதான் விளையும்.

குளத்தில் மிதக்கும் பச்சை இலைகளையும் கரையோரப் புதரையும் குப்பையாகக் கருதி, அனைத்தையும் அகற்றச் சொல்வோரும் உண்டு. வாத்துக்கு உணவும், அதன் இரையான பூச்சிகளுக்கும் நத்தைகளுக்கும் உறைவிடமும் அவைதாம். வழித்துத் துடைத்த குளம் நம் கண்ணுக்கு அழகாக இருக்கலாம். வாத்துக்கு அது வெறும் தட்டு.

இங்கே சட்டமும் தெளிவாக உள்ளது. 2020 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது குற்றம். முதல்முறை 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்கப்படலாம். பிள்ளைகளுக்கு வாத்துகளைக் காட்ட விரும்புவோர், ரொட்டிப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, இருநோக்கியுடன் பொழுது சாயும் வேளையில் செல்லலாம். அப்போதுதான் சிறகிகள் சீழ்க்கையடித்துக்கொண்டே இரைதேடக் கிளம்பும்.