காம்பி டூலால் நசுங்கிய கார்க் கதவைத் திறப்பது எப்படி?

நசுங்கிய காரிலிருந்து ஆளை எடுக்க விரிப்பதற்கு ஒரு கருவி, வெட்டுவதற்கு ஒரு கருவி என்று இரண்டைத் தூக்கிப் போக வேண்டியதில்லை. எண்ணெய் அழுத்தத்தில் (ஹைட்ராலிக்) இயங்கும் காம்பி டூலின் ஒரே தாடை இரண்டையும் செய்யும். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்குப் போகும் மலைப்பாதைக்கு நான் இதைத்தான் சொல்வேன், அதிலும் பேட்டரியில் ஓடுவதை. ரோட்டை விட்டுச் சரிவில் இறங்கிக் கிடக்கும் காருக்குப் பம்ப்பையும் ஹோஸையும் இழுத்துப் போவது பெரும்பாடு. ஆனால் வெட்டுவதற்கென்றே உள்ள கட்டரின் பலமும் விரிப்பதற்கென்றே உள்ள ஸ்ப்ரெடரின் அகலமும் இதில் கிடைக்காது. அது தெரிந்தே கையில் எடுங்கள்.

முறையாகப் பயிற்சி எடுத்துவிட்டு, காயலான் கடைக் காரில் கைபழக ஆரம்பிக்கும் தன்னார்வலர்களுக்காக இதை எழுதுகிறேன். நிஜ விபத்து என்றால் 101, 108 இரண்டுக்கும் தகவல் போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் டூல் பக்கம் போக வேண்டும். ஹெல்மெட், முகக்கவசம், கையுறை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

முதலில் காரை அசையவிடாமல் நிறுத்துங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, பாடிக்கு அடியில் படி வடிவக் கட்டை, மிச்ச இடைவெளிக்கு ஆப்பு. மலைச்சரிவில் கீழ்ப்பக்கக் கட்டையை நம்பி மட்டும் விடக் கூடாது. மேலே ஒரு மரத்திலோ வண்டியிலோ பெல்ட் போட்டுக் கட்டுங்கள்.

அப்புறம் காரின் பேட்டரி. பவர் விண்டோவை இறக்குவது, சீட்டைப் பின்னுக்குத் தள்ளுவது எல்லாம் கரண்ட் இருக்கும்போதே முடிய வேண்டும். பிறகு இக்னிஷனை ஆஃப் செய்து, நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் ஏர்பேக்குக்குக் கொஞ்ச நேரம் உயிர் இருக்கும். வெடிக்காத ஏர்பேக்கிலிருந்து பக்கவாட்டில் 5 அங்குலம், ஸ்டீயரிங்கில் 10 அங்குலம், முன்சீட்டுப் பயணி பக்கம் 20 அங்குலம் தள்ளியே இருங்கள்.

உள்ளே இருப்பவரிடம் ஒருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், தலையைப் பிடித்தபடி. இந்த ரோட்டில் வருபவர்களில் நிறையப் பேர் மலையாளிகள். "அண்ணாச்சி, சத்தம் வரும், பயப்படாதீங்க" என்பதோடு "சேட்டா, பேடிக்கண்டா, தல அனக்கருது" (அண்ணா, பயப்படாதீங்க, தலையை அசைக்காதீங்க) என்பதையும் பழகி வையுங்கள். அவர்மேல் போர்வை போட்டு, அவருக்கும் டூலுக்கும் நடுவே ஒரு பலகையைப் பிடியுங்கள். கதவுக் கண்ணாடியை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

இனி கதவு. புதிதாக வருபவர்கள் எல்லோரும் திணறும் இடம் இதுதான். கதவுக்கும் பில்லருக்கும் (கூரையைத் தாங்கும் தூண்) நடுவே விரல்கூடப் போகாது, டூலின் மூக்கு, அதாவது தாடையின் முன்பகுதி, எப்படிப் போகும்? கிடைத்த விளிம்பில் வைத்து விரித்தால் வெளித்தகடு மட்டும் உரிந்து வரும். பூட்டு அசையாது. உரிந்த தகடு கத்தியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

அதனால் முதலில் இடைவெளியை உண்டாக்குங்கள். எனக்குப் பிடித்த வழி, கண்ணாடி எடுத்த ஜன்னலில் டூலை நெட்டுக்குத்தலாக வைத்து, மேல் மூக்கு கூரைச் சட்டத்திலும் கீழ் மூக்கு கதவின் மேல்விளிம்பிலும் பதிய, மெதுவாக விரிப்பது. கதவு கீழேயும் வெளியேயும் தள்ளப்பட்டு, பூட்டுப் பக்கம் வாய் பிளக்கும். கீல் பக்கமாகப் போக வேண்டுமென்றால் முன்சக்கர வளைவுக்கு மேலே ஃபெண்டரைத் தாடையால் கவ்வி நசுக்குங்கள். தகடு மடங்கி, கீல் கண்ணுக்குத் தெரியும். கடப்பாரையால் நெம்பி இடைவெளி எடுப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு நெம்பலுக்கும் கார் குலுங்கும், உள்ளே கழுத்தில் அடிபட்ட ஆள் இருக்கிறார்.

பிளந்த வாயில், பூட்டுக்குச் சற்று மேலே, மூக்கை ஆழமாக நுழையுங்கள். நுனி மட்டும் பட்டால் போதாது, மூக்கின் பரப்பு முழுக்க உள்தகட்டில் பதிய வேண்டும். கொஞ்சம் விரித்துப் பாருங்கள். தகடு கிழிய ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, மூடி, இன்னும் ஆழமாகக் கடிக்க வையுங்கள். டூல் தன்போக்கில் திரும்பும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். பெரும்பாலான காம்பி டூல் 15 முதல் 20 கிலோ, உள்ளே அழுத்தமோ 700 பார் அளவில். கார் டயரில் இருப்பது 2 பாருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். டூலுக்கும் காருக்கும் நடுவே உங்கள் உடம்பு ஒருபோதும் வரக் கூடாது. பூட்டு விடுபடும்போது கதவு துள்ளும் என்பதால் கூட இருப்பவர் பெல்ட் போட்டுப் பிடித்திருக்கட்டும்.

கதவு திறந்ததும் வயரையும் தடுப்புப் பட்டையையும் வெட்டிவிட்டுக் கீலுக்கு வாருங்கள். கீலின் தகட்டை வெட்டலாம், கெட்டி ஊசியைத் தொடாதீர்கள். வெட்டும் பொருள் தாடையின் அடிவரை போய், பிளேடுக்கு 90 டிகிரியில் இருக்க வேண்டும். பிளேடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் திருகுவது தெரிந்தால் கையை எடுங்கள். பிடியை விட்டால் டூல் தானாக நிற்கும்.

பில்லரை வெட்ட வேண்டி வந்தால் உள்பக்க பிளாஸ்டிக்கைப் பிய்த்துப் பார்க்காமல் டூலை வைக்கக் கூடாது. ஜன்னல் ஓரமாகத் திரைபோல விரியும் ஏர்பேக்கின் வாயு சிலிண்டர் அங்கே ஒளிந்திருக்கலாம். புதுக் கார்களின் பி பில்லரில் (முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே உள்ள தூண்) மிகக் கடினமான எஃகு இருக்கும். சின்ன காம்பி டூல் அங்கே திணறும். அப்போது இடத்தை மாற்றுங்கள், அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் மூக்கு இரண்டையும் இறுக்கி மூடாமல் சில மில்லிமீட்டர் விட்டு வையுங்கள், உள்ளே அழுத்தம் தங்காது. ஹோஸ் மாடல் என்றால் கசிவை விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பின்சேர்க்கை: கேஸ் வண்டி என்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். டிக்கியில் சிலிண்டர் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து, கைக்கு எட்டினால் வால்வை மூடுங்கள். சிஎன்ஜி காற்றைவிட லேசானது, மேலே போய்விடும். எல்பிஜி கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே கீழ்ப்பக்கம் நிற்கும் கூட்டத்தை முதலில் நகர்த்துங்கள். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயர் எங்கே கண்ணில் பட்டாலும் டூலை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.