குடும்ப வாட்ஸ்அப்பில் கொரோனா சதிக்கதை: கணக்கோடு பதில் சொல்வது எப்படி

"5ஜி சோதனைக் கதிர்வீச்சைத்தான் கொரோனா என்று ஏமாற்றுகிறார்கள். ஆஸ்பத்திரிகள் காசுக்காக எல்லாச் சாவையும் கொரோனா கணக்கில் எழுதுகின்றன. ஊசி போட்ட அத்தனை பேரும் இரண்டு வருடத்தில் போய்விடுவார்கள் என்று நோபல் விஞ்ஞானியே சொல்லிவிட்டார்."

2021 மே மாதம் சுற்றிய ஃபார்வர்டுகள் ஏறக்குறைய இந்த மாதிரிதான் இருந்தன. பார்த்ததும் பதில் எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். இதில் இருப்பது மூன்று தனித்தனிக் கூற்றுகள், மூன்றுக்கும் வேண்டிய சான்று வேறுவேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொன்னால், நீங்கள் ஒன்றை உடைக்கும்போது எதிராளி அடுத்ததற்குத் தாவிவிடுவார். ஒன்றை மட்டும் எடுத்து, ஒரே வாக்கியமாகச் சுருக்கி, அவர் ஒப்புதலை வாங்குங்கள்: "மாமா, முதல்ல 5ஜி விஷயத்தை மட்டும் பேசுவோம். 5ஜி வந்ததாலதான் ரெண்டாவது அலை வந்துச்சுன்னு சொல்றீங்க, சரிதானே?" இந்த 'சரிதானே' முக்கியம். அதை வாங்காமல் விட்டால், பத்து நிமிடம் கழித்து "நான் எங்கப்பா அப்படிச் சொன்னேன்?" என்று வந்து நிற்கும்.

அடுத்து தேதியைப் பாருங்கள். இதைவிட மலிவான சோதனை கிடையாது, பாதிக் கதைகள் இதிலேயே விழுந்துவிடும். இந்தியாவில் 5ஜி சோதனைக்குத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி தந்ததே 2021 மே 4 அன்றுதான். இரண்டாவது அலை அதற்கு முன்பே ஏறிவிட்டது. மக்களுக்கான சேவை தொடங்கியது 2022 அக்டோபர் 1. அதற்குள் ஒமிக்ரான் அலையும் வந்து போயிருந்தது. கோபுரங்கள் ஊர் ஊராக முளைத்த பிறகு கொரோனாச் சாவு குறைந்தது. கோட்பாடு சரியென்றால் நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? 'பிசிஆர் சோதனை கொரோனாவுக்கு உதவாது என்று அதைக் கண்டுபிடித்தவரே சொன்னார்' என்ற செய்திக்கும் தேதியே பதில். கேரி முல்லிஸ் இறந்தது 2019 ஆகஸ்டில், கொரோனா தலைகாட்டுவதற்கு முன்பு.

நோபல் விஞ்ஞானி கதையில் தேதி இன்னும் நன்றாக வேலை செய்யும். அந்த விஞ்ஞானி பிரான்சின் லுக் மொன்டாக்னியே, எச்ஐவி கண்டுபிடிப்புக்காக 2008இல் நோபல் பெற்றவர். தடுப்பூசிகளால் புதிய திரிபுகள் உருவாகின்றன என்று ஒரு பேட்டியில் அவர் சொன்னது உண்மை. 'இரண்டு வருடத்தில் எல்லாரும் சாவார்கள்' என்பது அவர் வாயில் திணிக்கப்பட்டது. ஆனால் 'அவர் சொன்னாரா இல்லையா' என்ற சண்டையில் இறங்கத் தேவையில்லை. கெடு 2023 மே மாதமே முடிந்துவிட்டது. இந்தியாவில் மட்டும் 220 கோடி டோஸுக்கு மேல் போட்டாயிற்று. குழுவில் எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்று கை தூக்கச் சொன்னால் போதும். கெடு வைத்துப் பேசும் கதை எது வந்தாலும் தேதியோடு குறித்து வையுங்கள்.

கடினமான பகுதி இனிதான். தேதியில் சிக்காத கதைகள் 'ஊசி போட்டார், மறுநாள் இறந்தார்' என்ற வகையைச் சேர்ந்தவை. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலை மறைந்தார். தமிழ்நாட்டில் ஊசிக்குப் பயந்தவர்கள் பலர் காட்டிய உதாரணம் இதுதான். இங்கே "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் யாரும் மசியமாட்டார்கள். அது தற்செயல்தான் என்று எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பள்ளிக்கூடப் பின்னக் கணக்கில் இருக்கிறது. மேலே உள்ள எண்ணை (இறந்தவர்கள்) மட்டும் காட்டுகிறார்கள், கீழே உள்ள எண்ணை (ஊசி போட்ட மொத்தப் பேர்) கேளுங்கள்.

கணக்கு இப்படி. இந்தியாவில் சராசரியாக ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 6 பேர் இறக்கிறார்கள். அப்படியானால் 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு 6,000, நாளொன்றுக்கு 16 பேர். ஒரே நாளில் 30 லட்சம் பேருக்கு ஊசி போட்டால், அது வெறும் தண்ணீராகவே இருந்தாலும், அடுத்த இரண்டு நாளில் சுமார் 100 பேர் வழக்கமான காரணங்களால் இறப்பார்கள். இதில் இரண்டு திருத்தங்கள் உண்டு, எதிராளி கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்போது 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் போட்டார்கள், அதனால் எண் கூடும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வரிசையில் வந்து நிற்பதில்லை, அதனால் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் பூஜ்ஜியம் வராது. ஆகவே 'ஊசிக்குப் பின் இறந்தவர் உண்டா?' என்பது தப்பான கேள்வி. 'வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட அதிகம் பேர் இறந்தார்களா?' என்பதே கேட்க வேண்டியது.

விவேக் விஷயத்தில் தனி விசாரணையும் நடந்தது. அவருடைய இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். அப்படிக் கொழுப்புப் படிவது பல ஆண்டு வேலை. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, இந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று 2021 அக்டோபரில் முடிவு சொன்னது.

"அரசாங்கக் குழு வேறு என்ன சொல்லும்?" என்று மாமா கேட்பார். அப்போது எடுத்துப் போட வேண்டிய சீட்டு கோவிஷீல்டு, அதாவது ஆஸ்ட்ராசெனகா ஊசியின் இந்தியப் பெயர். இதே பின்னக் கணக்குதான் ஆஸ்ட்ராசெனகா ஊசியின் உண்மையான பக்கவிளைவைக் காட்டிக்கொடுத்தது. 2021 மார்ச்சில் ஐரோப்பாவில், தட்டணு (பிளேட்லெட்) குறைவோடு சேர்ந்த அபூர்வமான ரத்த உறைவு, எதிர்பார்த்த எண்ணிக்கையைத் தாண்டியது. டென்மார்க் உள்ளிட்ட நாடுகள் ஊசியை நிறுத்தி வைத்தன. ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்து முகமை அதை மிக அபூர்வமான பக்கவிளைவு என்று பட்டியலில் சேர்த்தது. பிரிட்டனில் லட்சத்தில் ஓரிருவர் என்ற அளவு. நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாக 2024இல் 'அம்பலமான ரகசியம்' போலச் செய்தி பரவியபோது, அது வெளிப்படையாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த உறைவு பெரும்பாலும் ஊசி போட்ட முதல் ஒரு மாதத்துக்குள் வருவது. 2024இல் ஜிம்மில் சுருண்டு விழுந்தவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இந்தப் பக்கவிளைவை நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. 'ஊசி நூறு சதவீதம் பாதுகாப்பானது' என்று ஆரம்பித்துவிட்டு, பிறகு ரத்த உறைவை அவர் வாயால் கேட்டால் உங்கள் வாதம் அங்கேயே முடிந்தது.

கீழே உள்ள எண் இல்லாமல் வரும் இன்னொரு வகை: 'ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள்தான்'. இது உண்மையாகவே இருக்கலாம், அதனால் மறுக்காதீர்கள். காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். ஊரில் 1,000 பேர், 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் நூற்றுக்கு 5 பேர், போடாதவர்களில் நூற்றுக்கு 20 பேர் ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். படுக்கையில் 45 பேர் போட்டவர்கள், 20 பேர் போடாதவர்கள். வார்டைப் பார்த்தால் ஊசி தோற்றதுபோல் தெரியும். உண்மையில் ஆபத்து நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது.

சாவைக் கூட்டி எழுதினார்கள் என்பதற்கு, பிழை எந்தப் பக்கம் நடந்தது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 மரணங்களைப் பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 47 லட்சம் மிகைமரணங்கள் (வழக்கத்தைவிடக் கூடுதலான சாவுகள்) என்று மதிப்பிட்டது, அரசுக் கணக்கு 5 லட்சத்தைத் தொடவில்லை. மத்திய அரசு அந்த மதிப்பீட்டு முறையை ஏற்கவில்லை, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். எண்ணைப் பற்றிய சண்டை, குறைத்து எழுதினார்களா என்பதில்தான்.

ஊசி போட்ட கை காந்தமாகி நாணயம் ஒட்டும் என்ற கதைக்கு நீளமாக எழுதவேண்டாம். ஊசியில் போவது வெறும் 0.5 மில்லி, அது கையைக் காந்தமாக்காது. வியர்வைப் பிசுக்கில் நாணயம் ஒட்டும். பவுடர் பூசிவிட்டு ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் பக்கம் வழக்கமாகச் சறுக்கும் இடங்களும் உண்டு. 'விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள்' என்பது வாதமே அல்ல, நோபல் விஞ்ஞானியைக் காட்டும் மாமாவும் அதைத்தானே செய்கிறார். என்ன தரவு, எப்படி எண்ணினார்கள் என்று சொல்ல வேண்டும். ஆய்விதழில் வந்தது என்பதும் போதாது. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி லான்செட்டில் வந்த கட்டுரை, தரவைச் சரிபார்க்க முடியாததால் 2020 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. வைரஸ் ஆய்வகத்திலிருந்து கசிந்ததா என்ற கேள்வியை 5ஜி கதையோடு ஒரே கூடையில் போட்டுச் சிரிப்பது இன்னொரு தவறு. அது இன்னும் முடிவாகாத கேள்வி, முடிவாகவில்லை என்றே சொல்ல வேண்டும். 'திட்டமிட்டுப் பரப்பினார்கள்' என்பது வேறு கூற்று, அதற்குத் தனிச் சான்று வேண்டும், தர வேண்டியவர் சொல்பவர். 'இல்லை என்று நீ நிரூபி' என்றால் அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

பதில் எழுதும்போது உண்மையை முதல் வரியில் வையுங்கள். வதந்தியை ஒருமுறை மட்டும் குறிப்பிட்டு, எங்கே பிசகு என்று ஒரு எண்ணோடு காட்டி, மீண்டும் உண்மையோடு முடியுங்கள். ஐந்தாறு வரி, ஒரே இணைப்பு. பன்னிரண்டு இணைப்பு அனுப்பினால் ஒன்றையும் திறக்கமாட்டார்கள். வயதில் மூத்தவரைக் குழுவில் மடக்காதீர்கள். பொதுவான கணக்கைக் குழுவில் போடுங்கள், சத்தமில்லாமல் படிப்பவர்கள்தான் அங்கே உங்கள் வாசகர்கள். அவரோடு தனியாகப் போனில் பேசுங்கள். "என்ன தெரிஞ்சா நீங்க மனச மாத்திக்குவீங்க மாமா?" என்று கேளுங்கள். ஏதாவது சொன்னால் அதைத் தேடிக் கொடுங்கள். "எதுவும் மாத்தாது" என்றால் அன்றைக்குப் பேச்சை நிறுத்திவிடலாம்.

எழுதிய பதில்களை நோயின் பெயரில் சேமிக்காமல் தேதிக்கதை, பின்னக்கதை, மேற்கோள்கதை என்று வகை பிரித்து வையுங்கள். 2025 ஜனவரியில் எச்எம்பிவி 'சீனாவின் புது வைரஸ்' என்று கிளம்பியபோது முதல் வகையே போதுமாக இருந்தது. அந்த வைரஸ் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது 2001இல்.